மலைமேல் இருந்த நகர்

யோபு நூலின் 28ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் ஞானத்தின் புகழ்ப்பாவாகவே வாசிக்கிறோம். ஆயினும் அதன் முற்பகுதி சுரங்கத் தொழிலாளியைப் பற்றியது. வெள்ளி விளையும் இடத்தையும், பொன் புடமிடப்படும் இடத்தையும், கல்லிலிருந்து செம்பு உருக்கப்படுவதையும் சொல்லிவிட்டு, மனித நடமாட்டமற்ற ஆழத்தில் தொங்கி ஊசலாடும் மனிதனை அந்நூலாசிரியர் நமக்குக் காட்டுகிறார். மலையின் வேர்வரை மனிதன் சென்றுவிட்டான். ஞானத்தை மட்டும் அவன் எங்கே கண்டெடுப்பான் என்று அதன்பின் கேட்கிறார்.

இக்கேள்வியை நெஞ்சில் இருத்திக்கொண்டு, செம்புக்காகவே எழுந்து, செம்பு இன்னும் தீராதபோதே கைவிடப்பட்ட ஒரு மலை நகரின் வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். அந்நகரின் பெயர் சேவெல். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக நீண்டு கிடக்கும் சிலி நாட்டில், ரன்காகுவா நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், ஆண்டிஸ் மலைத்தொடரில் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அது அமைந்துள்ளது. ஒரு காலத்தில் 15,000 பேர் வாழ்ந்த நகர் அது. இன்று அங்கே அடுப்பெரியும் வீடு ஒன்றும் இல்லை.

நகர் எழுந்த விதம்

அம்மலையின் செம்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஸ்பானியர் ஆண்ட காலத்திலேயே அது அறியப்பட்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அப்பகுதி இயேசு சபையினரின் பெரும் பண்ணை நிலத்துக்கு உட்பட்டிருந்தது. 1767இல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் சார்லஸ் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் இயேசு சபையினரை வெளியேற்றினார். பறிமுதலான பண்ணை 1771இல் மத்தேயோ தெ தோரோ சம்பிரானோ என்னும் செல்வந்தரின் கைக்கு மாறியது. திருச்சபையும் ஒரு காலத்தில் நிலக்கிழாராய் இருந்த மண் அது என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்வது நல்லது. இவ்வரலாற்றை நாம் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களாக வாசிக்க இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரம் உலகெங்கும் பரவியபோது, செம்புக் கம்பியின் தேவை பன்மடங்காயிற்று. 1904இல் வில்லியம் பிராடன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் தம் பங்காளிகளோடு பிராடன் செம்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 1905இல் மலையில் வேலை ஆரம்பமாயிற்று. இயந்திரங்கள் முதலில் மாட்டு வண்டிகளில் மேலே சென்றன. பின்னர் ரன்காகுவாவிலிருந்து குறுகிய இருப்புப்பாதை ஒன்று பள்ளத்தாக்குகளின் ஓரமாக வளைந்து வளைந்து மேலேறியது. சுரங்கத்தின் பெயர் எல் தெனியெந்தே. படையின் சிறு அதிகாரி ஒருவரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் அது. தப்பியோடிய ஸ்பானியப் படை அதிகாரி ஒருவர் அச்செம்பைக் கண்டார் என்று அவ்வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது.

நிறுவனம் பின்னர் குகன்ஹைம் குடும்பத்தாரின் கைக்கும், அதன்பின் கென்னகாட் நிறுவனத்தின் கைக்கும் மாறியது. 1915இல், நிறுவனத்தின் தொடக்கக் காலத் தலைவர்களுள் ஒருவரான பார்ட்டன் சேவெல் நியூயார்க்கில் காலமானார். அவர் நினைவாக மலையிலிருந்த குடியிருப்புக்குச் சேவெல் என்று பெயரிடப்பட்டது. பாறையைக் குடைந்தவர்களுள் எவருடைய பெயரும் அந்நகருக்குச் சூட்டப்படவில்லை.

சக்கரம் ஏறாத ஊர்

சேவெலை மக்கள் படிக்கட்டு நகரம் என்று அழைத்தனர். வண்டிச் சக்கரம் ஏற இயலாத செங்குத்தான சரிவில் அது கட்டப்பட்டது. அதனால் அங்கே தெருக்கள் இல்லை, படிகளே தெருக்கள். இரயில் நிலையத்திலிருந்து அகன்ற ஒரு நடுப்படிக்கட்டு மேலே செல்லும். அதிலிருந்து இருபுறமும் கிளைப்படிகளும் நடைபாதைகளும் பிரியும். மரத்தால் ஆன பல மாடிக் கட்டடங்கள், பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என வண்ணம் பூசப்பட்டு, அச்சரிவைப் பற்றிக்கொண்டு நின்றன. குளிர்காலத்தில் அவ்வண்ணங்களைச் சுற்றிலும் வெண்பனி மட்டுமே இருக்கும்.

நிறுவனம் தன் தொழிலாளருக்குக் கொடுத்தவை சில அல்ல. மருத்துவமனை ஒன்று இருந்தது. கீழே சமவெளியில் வாழ்ந்த ஏழைகள் கனவிலும் காணாத வசதிகள் அதில் இருந்தன. பள்ளிகள், திரையரங்கு, நீச்சல் குளம், மன்றங்கள், கடைகள், ஆலயம் ஆகிய யாவும் இருந்தன. பண்ணையாரின் நிலத்தில் ஒண்டிக் குடிசையில் வாழ்ந்துவந்த சிலி நாட்டு விவசாயிக்குச் சேவெலின் மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் பெரும் பேறாகவே தோன்றியிருக்கும். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அங்கே வீடு எவருக்கும் சொந்தமில்லை. வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது; வேலை போனால் வீடும் போகும். ஊருக்குள் வருவதும் ஊரைவிட்டுப் போவதும் நிறுவனத்தின் இரயிலிலேயே. மதுபானம் முற்றிலும் தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே இரவில் மலைப்பாதைகள் வழியே உயிரைப் பணயம் வைத்துச் சாராயம் கடத்தி வருவோர் தோன்றினர். அவர்களுக்குக் குவாச்சுச்சேரோ என்று தனிப் பெயரே வழங்கிற்று. ஆணும் பெண்ணும் மணமாகாமல் ஒன்றாய் இருக்கக் கண்டால், உடனே திருமணம் செய்துகொள்ள வேண்டும் அல்லது வேலையை இழக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. அமெரிக்க அதிகாரிகளுக்குத் தனித்தனி வீடுகளும் தனி மன்றமும் தனிப் பகுதியும் இருந்தன. சிலி நாட்டுத் தொழிலாளர் நெருக்கமான மாடிக் கட்டடங்களில் வாழ்ந்தனர்.

குடியைத் தடுப்பதும் திருமணத்தை வற்புறுத்துவதும் நம்மில் சிலருக்கு நல்ல செயல்களாகவே படலாம். ஆனால் அவ்விதிகளின் நோக்கம் ஆன்ம நலன் அன்று. காலையில் தவறாமல் பணிக்கு வரும் தொழிலாளி நிறுவனத்துக்குத் தேவைப்பட்டான். குடும்பம் உள்ளவன் எளிதில் வேலையை விட்டுப் போகமாட்டான். திருமணம் என்னும் அருளடையாளம் வருகைப் பதிவேட்டுக்குக் காவலாக்கப்பட்டது. நற்பண்பும் இலாபக் கணக்கும் ஒரே திசையில் செல்லும்போது, எது எதற்கு ஊழியம் செய்கிறது என்று கேட்கும் பழக்கத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

பனியும் புகையும்

1944ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். தென் கோளத்தில் அது குளிர்காலம். மலையில் குவிந்த பனி சரிந்து சேவெலின் குடியிருப்புகள்மீது விழுந்தது. 102 பேர் மாண்டனர். இயற்கையின் சீற்றம் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ள அவ்விபத்தில் ஓரளவு இடமிருந்தது. அடுத்த ஆண்டு நடந்ததற்கு அந்தத் தேறுதலும் இல்லை.

1945 ஜூன் 19ஆம் நாள் காலை. சுரங்க வாயிலுக்கு அருகே இருந்த கொல்லுலைக் கூடத்தில் தீப்பற்றியது. அங்கே வைக்கப்பட்டிருந்த எண்ணெய்ப் பீப்பாய்களுக்குத் தீ பரவியது. சுரங்கத்துக்குள் தீ செல்லவில்லை, புகை சென்றது. உள்ளே இருப்போர் மூச்சுவிடுவதற்காக வெளிக்காற்றை இழுக்கும் வழியாகவே அப்புகை உள்ளே இழுக்கப்பட்டது. புகையோடு சென்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் உயிர்வளிக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனை மூச்சில் இழுத்தவன் சோர்ந்து அமர்கிறான், பின்பு எழுவதில்லை.

அன்று மாண்டவர்கள் 355 பேர். நெருப்பின் காயம்கூட இல்லாமல் மாண்டனர். தப்பிச் செல்லும் வழிகளை இருளிலும் புகையிலும் காட்டும் அடையாளங்கள் போதிய அளவில் இல்லை. அவ்வழிகளைத் தொழிலாளருக்கு முன்னதாகக் கற்பித்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் எழுகிறது. உடல்கள் மலையிலிருந்து இரயிலில் இறக்கப்பட்டு ரன்காகுவாவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. சிலி நாட்டு மக்கள் அந்நாளைப் புகைத் துயரம் என்று பெயரிட்டு நினைவுகூர்கின்றனர். உலோகச் சுரங்க வரலாற்றின் மிகக் கொடிய விபத்துகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். நீச்சல் குளம் கட்டத் தெரிந்த நிறுவனத்துக்கு, வழிகாட்டும் பலகை வைக்கத் தெரியாதா? மருத்துவமனை நடத்தத் தெரிந்தவர்களுக்கு, எண்ணெய்ப் பீப்பாயைச் சுரங்க வாயிலிலிருந்து தள்ளி வைக்கத் தோன்றாதா? கொடைகள் கண்ணுக்குத் தெரிபவை. விருந்தினருக்குக் காட்டத் தக்கவை. பாதுகாப்பு எவர் கண்ணுக்கும் தெரியாதது. அது தொழிலாளியின் உரிமை. உரிமையைக் கேட்க அவனுக்குக் குரல் வேண்டும். அந்தக் குரலுக்கே சேவெலில் இடம் குறைவாக இருந்தது.

அவ்விபத்துக்குப்பின் நிறுவனம் பாதுகாப்புக்கென்று தனித்துறை ஒன்றை அமைத்தது. காலப்போக்கில் அது நாட்டின் பிற சுரங்கங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. 1968இல் பணியிட விபத்துகளுக்கும் தொழில்சார் நோய்களுக்கும் கட்டாயக் காப்பீடு வழங்கும் சட்டம் சிலியில் நிறைவேறியது. அச்சட்டம் வர 23 ஆண்டுகள் ஆயின.

அன்பு முதலா, நீதி முதலா?

இத்தகைய நிலையைத் திருச்சபை முன்னரே எண்ணிப் பார்த்திருந்தது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தம் சுற்றுமடலில், தொழிலாளரின் நியாயமான கூலியையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் வலியுறுத்தினார். 40 ஆண்டுகளுக்குப்பின், 1931இல் திருத்தந்தை 11ஆம் பயஸ், நீதியாகக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் அதன் இடத்தில் அறச்செயலை வைக்க முடியாது என்று கற்பித்தார். அதே 1931இல் சிலி நாட்டில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. போதனையும் சட்டமும் ஒரே ஆண்டில் வந்தன. மலையேறி அவை சுரங்கத்தின் அடிவரை செல்வதற்கு நெடுங்காலம் பிடித்தது.

சேவெலில் பனியும் புகையும் உயிர்களைப் பறித்த அந்நாள்களில், சாந்தியாகோவில் ஓர் இயேசு சபை அருள்பணியாளர் உழைத்துக்கொண்டிருந்தார். 2005இல் புனிதராக உயர்த்தப்பட்ட அல்பெர்த்தோ ஊர்த்தாதோ அவர். 1941இல் சிலி உண்மையில் கத்தோலிக்க நாடுதானா என்னும் கேள்வியையே தலைப்பாக்கி அவர் எழுதிய நூல், வசதி படைத்த கத்தோலிக்கர் பலரைச் சினங்கொள்ளச் செய்தது. 1944இல் வீடற்றோருக்காகக் கிறிஸ்துவின் இல்லம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதோடு அவர் நின்றுவிடவில்லை. 1947இல் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிறிஸ்தவ நெறியில் உருவாக்குவதற்கென்று ஓர் அமைப்பையும் நிறுவினார். வீடற்றவனுக்குப் படுக்கை கொடுத்த அதே கை, தொழிலாளி தன் உரிமையைக் கேட்கவும் கற்றுக்கொடுத்தது. நீதி செய்து முடித்த இடத்திலிருந்தே அன்பு தொடங்குகிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம். எந்தச் சபையினர் 18ஆம் நூற்றாண்டில் அம்மலையடிவாரத்தில் பெரும் பண்ணை வைத்திருந்தனரோ, அதே சபையிலிருந்து இக்குரல் எழுந்தது நமக்கு ஆறுதல் தருகிறது.

விட்டுச் சென்ற நாள்கள்

செம்பு தீர்ந்ததால் சேவெல் வெறுமையாகவில்லை. 1967இல் அதிபர் எதுவார்தோ ஃபிரெய்யின் ஆட்சியில் சுரங்கத்தின் 51 விழுக்காட்டுப் பங்கைச் சிலி அரசு வாங்கியது. உற்பத்தியைப் பெருக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. உயர்ந்த மலைச்சரிவில், பனிக்கும் சரிவுக்கும் நடுவே, ஒரு முழு நகரைப் பேணுவது பெருஞ்செலவு என்று கணக்கிடப்பட்டது. மலைக்கு நல்ல சாலை அமைத்தால், தொழிலாளர் ரன்காகுவாவில் குடியிருந்து பேருந்தில் சென்று வரலாம். ஆகவே குடும்பங்கள் பள்ளத்தாக்குக்கு மாற்றப்பட்டன. 1971 ஜூலை 11ஆம் நாள், அதிபர் சால்வதோர் அயெந்தேயின் காலத்தில், நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தால் பெருஞ்செம்புச் சுரங்கங்கள் அனைத்தும் நாட்டுடைமையாயின. மக்கள் இறங்குவது அப்போதும் தொடர்ந்தது. 1970களில் சேவெல் பெரும்பாலும் வெறுமையாயிற்று. கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன.

கீழே அவர்களுக்குச் சொந்த வீடு கிடைத்தது. சமதளத் தெருவும், மரம் நிழல் தரும் முற்றமும் கிடைத்தன. எனினும் பலர் மலையையே நினைத்து ஏங்கினர் என்பதில்தான் இவ்வரலாற்றின் விந்தை உள்ளது. முன்னாள் சேவெல்வாசிகள் சங்கம் வைத்துக்கொண்டு, மீண்டும் அப்படிகளில் ஏறி, தாங்கள் பிறந்த கட்டடங்களைத் தம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிவருகின்றனர். நிறுவனம் அவர்களுக்குச் சுவரும் கூரையும் வாடகையின்றிக் கொடுத்தது. ஆனால் ஒரே படிக்கட்டில் எதிரெதிரே ஏறி இறங்கியதால் பிறந்த அயலன்பை அவர்களே படைத்தனர். பனிக்காலத்தில் ஒருவருக்கொருவர் துணையாய் இருந்ததும், 1945இல் ஒரே நாளில் ஊரெங்கும் எழுந்த ஒப்பாரியும் அவர்களை ஒரு குடும்பமாக்கின. வீடு சொந்தமில்லாத ஊரைத் தங்கள் சொந்த ஊராக அவர்கள் ஆக்கிக்கொண்டனர். அதைத் தடுக்க எந்த விதிக்கும் ஆற்றல் இருக்கவில்லை.

1998இல் சிலி அரசு சேவெலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2006இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்று பயணிகள் வழிகாட்டிகளோடு சென்று வண்ணக் கட்டடங்களைப் பார்த்து வருகின்றனர். மலையினுள்ளே வேலை நிற்கவில்லை. எல் தெனியெந்தே உலகின் மிகப்பெரிய நிலத்தடிச் செம்புச் சுரங்கமாக இன்றும் இயங்குகிறது. 2025 ஜூலை 31ஆம் நாள் நிலம் அதிர்ந்து சுரங்கப் பாதைகள் இடிந்ததில் ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். 355 எங்கே, ஆறு எங்கே என்று நாம் கணக்குப் போடலாம். 80 ஆண்டுகளில் வளர்ந்த விழிப்புணர்வுக்கு அக்கணக்கு சான்றும் ஆகலாம். ஆனால் அந்த ஆறு வீடுகளில் அக்கணக்கைச் சொல்ல நமக்கு நாவெழாது.

புனித லாரன்ஸின் கருவூலம்

சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலர் புனித லாரன்ஸ். ஆகஸ்டு 10ஆம் நாள், அவருடைய திருவிழாவே அந்நாட்டில் சுரங்கத் தொழிலாளர் நாளாகவும் கொண்டாடப்படுகிறது. 2010இல் சான் ஹோசே சுரங்கத்தில் 69 நாள்கள் சிக்கியிருந்த 33 பேரை மீட்ட பணிக்கும் அவர் பெயரையே சூட்டினர். உரோமைத் திருத்தொண்டரான அவரிடம் திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு ஆட்சியாளர் கேட்டபோது, அவர் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் கூட்டிவந்து, இவர்களே எங்கள் செல்வம் என்று காட்டியதாக மரபு சொல்கிறது. பூமிக்கடியில் செல்வம் தேடுவோர், செல்வம் எது என்று காட்டிய புனிதரைப் பாதுகாவலராகக் கொண்டது பொருத்தமே.

சேவெலின் நிறுவனத்தைக் குறைகூறி இக்கட்டுரையை முடித்துக்கொள்வது எளிது. அது நேர்மையாகாது. நம்முடைய பங்குகளிலும், பள்ளிகளிலும், மருத்துவமனைகளிலும், இல்லங்களிலும் நமக்காக உழைப்போர் இருக்கின்றனர். கோவில்பிள்ளை, சமையல் செய்பவர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர், தற்காலிக ஆசிரியை எனப் பலர். கிறிஸ்துமஸ் நாளில் அவர்களுக்குப் புத்தாடை கொடுக்கிறோம். பிள்ளையின் படிப்புக்கு உதவுகிறோம். நோயுற்றால் போய்ப் பார்க்கிறோம். நன்று. ஆனால் அவர்களுக்கு எழுத்து வடிவில் பணி நியமனம் உண்டா? வருங்கால வைப்பு நிதி உண்டா? முதுமையில் பணி முடிந்த நாளில் அவர்கள் எங்கே போய்த் தங்குவர் என்று நாம் எண்ணியதுண்டா? குறையொன்றை வாய்திறந்து சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சமின்றி அவர்கள் நம்முன் நிற்க முடிகிறதா?

நீச்சல் குளம் இருந்தும் வழிகாட்டும் அடையாளம் போதாத நகர்களை நாமும் சிறிய அளவில் கட்டிக்கொண்டிருக்கக் கூடும். மலைமேல் இருக்கும் நகர் மறைந்திருக்க முடியாது என்று ஆண்டவர் நம்மைப் பார்த்துச் சொன்னார். சேவெல் இன்று மறையாமல் நிற்கிறது. வாழ்வோர் இன்றி, காண்போருக்காக மட்டும் நிற்கிறது. நம் நிறுவனங்கள் அவ்வாறு ஆகிவிடாதிருக்க, உரிய கூலியையும் உரிய மதிப்பையும் முதலில் கொடுப்போம். புத்தாடையை அதன்பின் கொடுப்போம். அப்போது அதைப் பெறுபவர் தலைகுனியாமல் பெற்றுக்கொள்வார்.